கருவி இலவசமாக வந்துவிட்டது, கற்றுக்கொடுக்க ஆள் எப்போது வரும்?

தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்துக்கும் பொது நூலக இயக்ககத்துக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களே, வணக்கம்.

போனில் வந்துவிட்ட செயற்கை நுண்ணறிவு (ஏஐ) கருவிகளை எங்களைப் போன்றவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள் என்று கேட்டு, இரண்டு அலுவலகங்களுக்கும் சேர்த்து ஒரே கடிதமாக எழுதுகிறேன். தனித்தனியாக எழுதினால் ஒருவர் மற்றவர் பக்கம் கைகாட்டிவிடுவீர்களோ என்று ஒரு பயம். மனு எழுதிக் கொடுத்தே பிழைத்தவன் என்பதால் இந்த முன்ஜாக்கிரதை.

புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடி பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். போர்டில் ஜெராக்ஸ் என்று இருந்தாலும் டிடிபி, கல்யாணப் பத்திரிகை, ஃபிளெக்ஸ் டிசைன், மனு எழுதுவது, ஆன்லைனில் படிவம் நிரப்புவது எல்லாம் உண்டு. பலாப்பழ சீசனில் வண்டி வாடகைக் கணக்குக்கூட எங்களிடம்தான் வரும்.

சென்ற மாதம் தையல் வேலை செய்கிற ஒரு பெண் கடைக்கு வந்தார். அவர் வீட்டுக்குப் போகிற வண்டிப்பாதையைப் பக்கத்துக்காரர் முள்வேலி போட்டு அடைத்துவிட்டார். தாசில்தாருக்கு மனு கொடுக்க வேண்டும். வழக்கமாக அவர் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன், ஐம்பது ரூபாய் வாங்குவேன். இந்த முறை மனு தயாராக இருந்தது. "அண்ணே, இதப் பிரின்ட் மட்டும் போட்டுக் குடுங்க, எங்க பெரியவன் போன்ல ஏஐ ஆப்ப வெச்சே எழுதிட்டான்" என்றார். படித்துப் பார்த்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, நான் எழுதுவதைவிட நன்றாக இருந்தது. மேலே "பார்வை" என்று போட்டு அரசாணை எண், தேதி, துறை எல்லாம் கச்சிதம். எனக்கு அந்த எண்தான் உறுத்தியது. அரசு இணையதளத்தில் தேடினேன், அப்படி ஓர் ஆணை இல்லை. பையனைக் கூப்பிட்டு அந்த ஆப்பிடமே கேட்கச் சொன்னேன். தவறுக்கு மன்னிக்கவும் என்று பணிவாகச் சொல்லிவிட்டு வேறோர் எண்ணைக் கொடுத்தது. அதுவும் இல்லை. மூன்றாவது முறை கேட்க எனக்குப் பொறுமை போதவில்லை. அந்த வரியை மட்டும் எடுத்துவிட்டு மீதியை அப்படியே பிரின்ட் போட்டுக் கொடுத்தேன்.

அந்தப் பெண்ணுக்கு அந்தக் கருவி உதவியதா, இல்லையா? உதவியது. ஐம்பது ரூபாய் மிச்சம், ஒரு மதிய நேரமும் மிச்சம். ஆனால் அந்த எண்ணோடு மனு போயிருந்தால் தாலுகா அலுவலகத்தில் முதல் மேசையிலேயே சந்தேகத்தோடு ஓரம் வைத்திருப்பார்கள். இந்தக் கருவி அடுத்து எந்தச் சொல் வந்தால் பொருந்தும் என்று பார்த்துக் கோத்துக்கொண்டே போகிறது, அரசாணை எண் வரவேண்டிய இடத்தில் அரசாணை எண் மாதிரி ஒன்றை வைத்துவிடுகிறது என்பதை அம்மாவுக்கும் பிள்ளைக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து காட்டினால் பத்து நிமிடப் பாடம். அந்தப் பத்து நிமிடத்தைக் கேட்டுத்தான் இவ்வளவு நீளக் கடிதம்.

கருவி எப்படி அவர்கள் கைக்கு வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2025-இல் ஏர்டெல் சிம் வைத்திருந்தவர்களுக்குப் பர்ப்ளெக்சிட்டி, ஜியோ வைத்திருந்தவர்களுக்கு ஜெமினி, அது போக சாட்ஜிபிடி கோ ஓராண்டு என்று கம்பெனிகளே கட்டண ஏஐ சேவையை இலவசமாக அள்ளிக் கொடுத்தன. ரீசார்ஜ் செய்ய வந்தவர்களுக்கு நானே இதை ஆன் செய்து கொடுத்திருக்கிறேன். அதே வருடம் செப்டம்பரில், நம் படத்தை ஜெமினி பழைய சினிமா நாயகி மாதிரி சேலை கட்டிய படமாக மாற்றித் தருகிறது என்று ஒரு பித்துப் பிடித்ததே, ஞாபகம் இருக்கிறதா? கல்லூரிப் பிள்ளைகள் முதல் நூறு நாள் வேலைக்குப் போகிற அக்காமார் வரை அதில் தங்கள் படத்தைப் போட்டார்கள். படம் எங்கே போகிறது என்று கேட்டவர் ஒருவரும் இல்லை. எனக்கும் தெளிவாகத் தெரியாது, ஆனாலும் ஆளுக்கு ஒரு கலர் பிரின்ட் போட்டுக் கொடுத்துக் காசு வாங்கினேன்.

சரி, இதில் என் சொந்தக் கணக்கு ஒன்று இருக்கிறது. அதை மறைத்துவிட்டு உங்களுக்குப் புத்தி சொல்வது நியாயமில்லை.

இருபது வருடத்துக்கு முன்பு எங்கள் பக்கம் ஃபிளெக்ஸ் வந்தது. அதுவரை கடை போர்டு, கட்சி பேனர், கோயில் திருவிழா விளம்பரம் எல்லாம் கையால் எழுதுகிற பெயின்டர்களின் வேலை. என் நண்பன் ஒருவன் அதில் கெட்டிக்காரன். தலைவர்களின் முகத்தைக் கட்டம் போட்டு இரண்டே மணி நேரத்தில் சுவரில் கொண்டுவந்துவிடுவான். நான் டிடிபி தெரிந்தவன் என்பதால் ஃபிளெக்ஸ் டிசைனுக்கு மாறிக்கொண்டேன். அவனுக்கு மவுஸ் பிடிக்கவும் தெரியாது, சொல்லிக் கொடுக்கவும் யாரும் இல்லை. நானும் சொல்லித் தரவில்லை, நாலைந்து வாடிக்கையாளர்கள் அவனிடமிருந்து என்னிடம் வந்திருந்தார்கள். அவன் இப்போது ஒரு மண்டபத்தில் வாட்ச்மேன். தமிழ்நாடு முழுக்க அப்படி எத்தனை பெயின்டர்களின் கை நின்றுபோனதோ, அதற்கு எந்தத் துறையிலும் கோப்பு இருக்காது.

இப்போது என் முறை. போன வாரம் ஒரு பையன் காதுகுத்து பேனரை போனிலேயே செய்து எடுத்துக்கொண்டு வந்தான். மாமன் சீர் தட்டில் ஆறு விரல் இருந்த கையை மட்டும் நான் திருத்திக் கொடுத்தேன். அந்தத் திருத்தலும் இன்னும் எத்தனை நாளைக்குத் தேவைப்படும் என்று தெரியவில்லை.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. 2022 மார்ச் 1-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் படித்தார்கள், வேலைக்கும் போனார்கள். 71 அரசு ஐடிஐ-க்களை 2,877 கோடி ரூபாய் செலவில் ரோபோவும் கம்ப்யூட்டரில் ஓடும் சிஎன்சி மிஷினுமாக மாற்றியதும் நல்ல காரியம். இருபது லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி என்று பட்ஜெட்டில் அறிவித்ததையும் பார்த்தேன். ஆனால் இவை எல்லாவற்றிலும் உள்ளே நுழைய ஒரு ஐடி கார்டு வேண்டும். மாணவர் என்கிற ஐடி கார்டு. 45 வயது லேத் பட்டறைக்காரருக்கு, பிரசவத்துக்கு வேலையை விட்டுப் பிள்ளை வளர்ந்த பிறகு திரும்ப வேலை தேடும் கணக்கெழுதுகிற பெண்ணுக்கு, எனக்கு, அந்தக் கார்டு இல்லை. நாங்கள் எந்தத் துறையின் மாணவர் என்பதை முதலில் நீங்கள் முடிவு செய்ய வேண்டும்.

இணையத்தில் இலவசப் படிப்பு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. மத்திய அரசின் இந்தியா ஏஐ மிஷன் 2025 நவம்பரில் எல்லோருக்குமான நாலரை மணி நேர இலவசப் படிப்பு ஒன்றைக் கொண்டுவந்தது, முடித்தால் சான்றிதழும் உண்டு. ஃபின்லாந்தில் 2018-லேயே ஹெல்சின்கி பல்கலைக்கழகமும் ரியாக்டர் என்கிற கம்பெனியும் சேர்ந்து நாட்டு மக்களில் நூற்றுக்கு ஒருவருக்காவது இதைச் சொல்லிக் கொடுப்போம் என்று ஓர் இலவசப் படிப்பைத் தொடங்கினார்கள். கோவை, திருப்பூர் இரண்டு மாவட்டங்களையும் சேர்த்தால் வருகிற கூட்டம்தான் அந்த நாட்டின் மொத்த மக்கள்தொகை. அவர்களுக்கு ஃபின்னிஷ் மொழியில் படிக்கக் கிடைத்தது, அப்புறம் ஐரோப்பாவின் மற்ற மொழிகளுக்கும் கொண்டுபோனார்கள். பெரிய காரியம்தான்.

இந்தப் படிப்புகள் மோசம் என்று நான் சொல்லவில்லை. "உங்கள் வசதிப்படி படிக்கலாம்" என்று எல்லாவற்றிலும் போட்டிருக்கிறார்களே, அந்த வசதி யாரிடம் இருக்கிறது என்பதுதான் என் கேள்வி. காலை எட்டுக்கு மிஷினில் உட்கார்ந்து ராத்திரி ஒன்பதுக்கு எழுந்திருக்கிற தையல்காரருக்கு வசதிப்பட்ட நேரம் என்று ஒன்று கிடையாது. குறிப்பிட்ட நாள், குறிப்பிட்ட இடம், கூட வர பக்கத்து வீட்டுக்காரி என்று இருந்தால் மட்டுமே வீட்டில் விடுவார்கள். தனியாகப் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் ரீல்ஸ் பார்க்கிறாள் என்பார்கள்.

இன்னொன்று, சான்றிதழ். சில வருடங்களுக்கு முன்பு ஒரு பயிற்சி மையத்துக்காரர்கள் என்னிடம் வந்தார்கள். பெயர் வேண்டாம், இப்போது அந்த மையமும் இல்லை. கிராமத்து ஆட்களுக்குக் கம்ப்யூட்டர் பயிற்சி, தலைக்கு இவ்வளவு என்று அவர்களுக்குப் பணம் வரும். என் வேலை, வந்தவர்களின் கைரேகையை வைத்துவிட்டு தேர்வுக் கேள்விகளுக்கு நானே கிளிக் செய்து பாஸ் ஆக்கிவிடுவது. இரண்டு நாள் செய்தேன். மூன்றாம் நாள் ஒரு பாட்டி, "நான் என்னப்பா படிச்சேன் இதுல?" என்று உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதோடு விட்டுவிட்டேன். அந்தப் பாட்டியின் சான்றிதழ் இன்னும் ஏதோ ஒரு கணக்கில் ஒன்று என்று சேர்ந்திருக்கும். இனி வரும் ஏஐ பயிற்சியிலும் "இத்தனை லட்சம் பேர் பயிற்சி பெற்றனர்" என்று எழுதத்தான் போகிறீர்கள் என்றால், தயவு செய்து இந்தக் கடிதத்தை இங்கேயே மடித்து வைத்துவிடுங்கள்.

இதே மாவட்டத்தில் வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. 1991-இல் எனக்குப் பத்தொன்பது வயது. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் அறிவொளி இயக்கம் வந்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். சொல்லிக் கொடுத்த எங்களுக்குச் சம்பளம் கிடையாது, லாந்தர் விளக்கு, கரும்பலகை, ஆளுக்கு ஒரு தெரு. ராத்திரி ஏழரைக்கு மேல் சோறாக்கி முடித்துவிட்டு பெண்கள் வருவார்கள். அ, ஆ என்று வரிசையாகத் தொடங்கவில்லை. பட்டா என்பது மாதிரி அவர்கள் வாயில் அன்றாடம் புழங்குகிற சொல்லை எடுத்து, அதை வைத்து அரட்டை அடித்து, சண்டை பிடித்து, பிறகுதான் எழுத்து. பட்டா யார் பேரில் இருக்கிறது என்று ஒருத்தி ஆரம்பித்தால் அன்றைக்கு எழுத்துப் பாடம் நடக்காது, வேறு பாடம் நடக்கும். குவாரியில் கல் உடைக்கிற பெண்கள் கூட்டாகக் குத்தகை எடுத்த இடங்களில் அளவும் கணக்கும் எழுத்தோடு சேர்ந்தே வந்தது.

அப்புறம் சைக்கிள், அதையும் அதே இயக்கத்தில் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். எழுத்துக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போதும் கேட்டார்கள், சிரித்தார்கள். லேடீஸ் சைக்கிள் கடையில் தீர்ந்துபோய் பெண்கள் ஆண்கள் சைக்கிளில் பாரைத் தாண்டி ஏறி ஓட்டினார்கள். ஒரு லட்சம் பெண்கள் கற்றுக்கொண்டார்கள் என்று அப்போது கணக்குச் சொன்னார்கள். இந்தக் கணக்கை நான் நம்புகிறேன், காரணம் ஓட்டத் தெரியாதவளைப் பாஸ் போட்டு ஓட்டவைக்க முடியாது, ரோட்டில் தெரிந்துவிடும். என் அம்மா அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. முட்டியில் தழும்போடு சந்தைக்குத் தனியாகப் போய்வந்தார். என் தெருவில் எழுத்தை மறந்துவிட்டவர்கள் இருக்கிறார்கள். சைக்கிளை மறந்தவர் யாரும் இல்லை.

அதனால்தான் உங்கள் இருவருக்கும் சேர்த்து எழுதுகிறேன். திறன் மேம்பாட்டுக் கழகத்திடம் நிதி இருக்கிறது, பாடத்திட்டம் போட ஆள் இருக்கிறது. நூலக இயக்ககத்திடம் இடம் இருக்கிறது. சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியாவில் முதன்முதலில், 1948-இல், பொது நூலகச் சட்டம் போட்டது நம் மாநிலம். வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாக நாங்கள் கட்டுகிறோம். மாநிலம் முழுக்க நாலாயிரத்துக்கும் மேற்பட்ட நூலகங்கள். மதுரையிலும் கோட்டூர்புரத்திலும் இருப்பவை மாளிகைகள், அவற்றை விடுங்கள். எங்கள் கிளை நூலகத்தில் ஒரு மேசை, இரண்டு மின்விசிறி, போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பத்துப் பிள்ளைகள், தினத்தந்திக்காக வருகிற நாலு பெரியவர்கள். மாலையில் பெண்கள் தயங்காமல் உள்ளே வரக்கூடிய அரசு அறை எங்கள் ஊரில் அது ஒன்றுதான். வாரத்தில் இரண்டு மாலை, இரண்டு மணி நேரம், ஆறு வாரம். அவ்வளவு போதும்.

கம்ப்யூட்டர் லேப் எல்லாம் வேண்டாம். வருகிறவர்களின் கையில் இருக்கிற போனில்தான் அவர்கள் நாளைக்கும் வேலை செய்யப்போகிறார்கள், அதிலேயே சொல்லிக் கொடுங்கள். வைஃபை மட்டும் ஒழுங்காக இருக்கட்டும்.

என்ன சொல்லிக் கொடுப்பது என்பதில்தான் உங்கள் வல்லுநர்கள் சறுக்குவார்கள் என்று பயப்படுகிறேன். முதல் நாளே "செயற்கை நுண்ணறிவின் வரலாறு" என்று ஆரம்பித்தால் இரண்டாம் நாள் நூலகர் மட்டும்தான் இருப்பார். ஒவ்வொருவரும் தன் வேலையில் மாட்டிக்கொண்டு நிற்கிற ஒன்றைக் கொண்டுவரட்டும். எங்கள் ஊர் டிராக்டர் மெக்கானிக் புதுவண்டி மீட்டரில் வருகிற எர்ரர் கோடைப் படம் எடுத்துப் போட்டு, ஆங்கில மேனுவலைத் தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்கிறார். அவருக்கு எழுதப் பிடிக்காது, பேசித்தான் கேட்பார். மேனுவலைப் படித்துச் சொல்வதில் அது சரியாக இருந்ததாம், எந்தப் பார்ட்டை மாற்றுவது என்பதில் இரண்டு முறை தப்பாகச் சொன்னதாம். "படிக்கத் தெரிஞ்ச, ஸ்பேனர் புடிக்காத பையன் மாதிரிண்ணே அது" என்றார். உங்கள் பாடப்புத்தகத்தில் இதைவிடத் தெளிவாக ஒரு வரி வருமா என்று தெரியவில்லை. அவரையே ஒருநாள் வகுப்பெடுக்கக் கூப்பிடலாம்.

தமிழில் கொடுங்கள் என்றால் கலைச்சொல் பட்டியலை நான் கேட்கவில்லை. எங்களைப் போன்றவர்களின் தமிழ்ப் பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. என் கம்ப்யூட்டரில் இருபத்தைந்து வருட மனுக்கள், பத்திரங்கள், பத்திரிகைகள் கிடக்கின்றன. பாதிக்கு மேல் பாமினி, வானவில் என்கிற பழைய எழுத்துருக்களில் அடித்தவை. 2010-இல் கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடு முறையை அரசு ஏற்றுக்கொண்டது உண்மைதான், ஆனால் அச்சுக்கடைகள் பழைய எழுத்துருவை விடவில்லை. அந்தக் கோப்பை ஏஐ-யிடம் கொடுத்தால் அதற்குத் தெரிவது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரு குப்பை. மாற்றிக் கொடுக்கிற கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன, கடைக்காரர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அரைநாள் பாடம் இது. எந்த ஆன்லைன் படிப்பிலும் நான் பார்க்கவில்லை.

அதைப் போலவே ஆதார், பட்டா, ரத்தப் பரிசோதனைச் சீட்டு இவற்றை எதில் ஏற்றலாம், எதில் ஏற்றக் கூடாது என்பது. பிள்ளையின் குரலிலேயே பேசிப் பணம் கேட்டால் என்ன செய்வது என்பது. இணைய மோசடிக்குப் புகார் சொல்லும் 1930 என்கிற எண்ணை என் கடைச் சுவரில் பெரிதாக ஒட்டியிருக்கிறேன், ஆனால் பணம் போன பிறகுதான் அதைப் பார்க்கிறார்கள். இலவச மாதங்கள் முடிந்ததும் தானாகப் பணம் பிடிக்கும் ஏற்பாட்டை எங்கே போய் நிறுத்துவது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு கம்பெனியே வந்து பயிற்சி தருகிறேன் என்றால் இந்தப் பாடத்தை மட்டும் அவர்களிடம் விடாதீர்கள்.

கற்றுக்கொடுக்க யார்? சென்னையிலிருந்து ஆள் வேண்டாம். இல்லம் தேடிக் கல்விக்குத் தெருத் தெருவாகத் தன்னார்வலர்கள் கிடைத்தார்கள். ஊருக்கு ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தியவர்கள், பாதிப்பேர் இப்போது சும்மா இருக்கிறார்கள், பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பதில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை. அவர்களுக்கு ஒரு வாரம் பயிற்சி கொடுங்கள், மாலைக்கு இவ்வளவு என்று கௌரவமாக ஒரு தொகை கொடுங்கள். அறிவொளியில் நாங்கள் சும்மாதான் செய்தோம், அது அந்த வயது. எல்லோரிடமும் அதை எதிர்பார்க்கக் கூடாது.

வருகிறவர்களுக்கும் ஏதாவது செய்ய வேண்டும். கட்டுமானத் தொழிலாளர்களுக்குத் திறன் பயிற்சி கொடுத்தபோது வேலை இழப்புக்கு ஈடாக நாளுக்கு 800 ரூபாய் கொடுத்தது நம் அரசுதான். மாலை வகுப்புக்கு அவ்வளவு வேண்டியதில்லை. நலவாரிய அட்டை வைத்திருப்பவருக்குப் போக்குவரத்துச் செலவும் ஒரு டீயும் வடையும் இருந்தால் தையல்காரரும் வருவார், உணவு டெலிவரி செய்கிற பையனும் வருவான். அந்தப் பையனைப் போல ஆப் வழியாக வேலை செய்கிற கிக் தொழிலாளர்களுக்கு நலவாரியம் அமைத்த மாநிலம் இது, அந்த வாரியத்தின் பட்டியலிலிருந்தே முதல் அணியைக் கூப்பிடலாம். எந்த ஆர்டர் யாருக்குப் போக வேண்டும் என்று அவர்களுக்கு மேலே உட்கார்ந்து முடிவு செய்வதே ஒரு அல்காரிதம்தானே. அதைப் பற்றி அவர்களே நமக்குப் பாடம் எடுப்பார்கள்.

எல்லா மாவட்டத்துக்கும் ஒரே நாளில் ரிப்பன் வெட்ட வேண்டாம். ஒரு மாவட்டத்தில் பத்துக் கிளை நூலகங்கள். புதுக்கோட்டையில் தொடங்குங்கள் என்று கேட்பதில் என் சுயநலம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆறு வாரம் கழித்து யாரையாவது அனுப்பி, சான்றிதழ் எத்தனை என்று கேட்காமல், இப்போது நீங்களாக என்ன செய்கிறீர்கள் என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள்.

எங்கள் நூலகருடன் பேசிவிட்டேன். மேலிடத்திலிருந்து எழுத்தில் வந்தால் அவருக்கு ஆட்சேபம் இல்லை. வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை, அதனால் திங்களும் புதனும் என்று பேசி வைத்திருக்கிறோம். வாட்ச்மேன் நண்பனும் வருவதாகச் சொன்னான், புதன்கிழமை அவனுக்குப் பகல் ஷிப்ட். நாற்காலி ஆறுதான் இருக்கிறது. மீதிக்குப் பாய் விரித்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர்,
ஆலங்குடி வட்டம், புதுக்கோட்டை மாவட்டம்.